ராகுகாலம் எத்தனை மணிக்கு?

கேள்வி: பருவநிலை மாற்றம் நிறுவனங்களின் வணிக உத்தியையும் அரசின் ஆளுகையையும் எவ்வாறு பாதிக்கிறது? விளக்குக.
- வணிக மேலாண்மை மாணவர், சாட்ஸ்வொர்த்

பதில்: ‘விளக்குக’ என்றதுமே தெரிந்துவிட்டது தம்பி, இது உங்கள் கேள்வி இல்லை, உங்கள் பேராசிரியருடையது. பரவாயில்லை. எனக்குப் ‘பருவநிலை’ என்ற ஒரு சொல் போதும்.

இந்த ஊரில் நமக்குப் பருவம் என்றைக்குமே தலைகீழ்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கிய நம்மவர்கள் மூட்டையோடு சித்திரை, வைகாசியையும் சேர்த்துக் கட்டி வந்தார்கள். இங்கே ஆடி என்றால் வறண்ட குளிர்காலம். அந்தக் குளிரில்தான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பாரக்ஸில் இருந்த என் ஆயா ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று அவரைக்கொட்டை ஊன்றினாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. மறு வருஷம் ஐப்பசியில் ஊன்றினாள், கொல்லை நிறையக் காய். பழமொழியை அவள் விடவில்லை. வாயோடு வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்புறம் பஞ்சாங்கம். எனக்கும் கோயில் கமிட்டிக்கும் இதில் தீராத வழக்கு என்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். சென்னைக் காலண்டரை மடப்பள்ளியில் மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம் என்கிறார்கள். ராகுகாலம் என்பது சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்துக் கணிப்பது; திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு. டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து, ஏழு மணிவாக்கில்தான் பொழுது சாய்கிறது. கணக்குப் போட்டால் ராகு ஆறரைக்கே வந்து, எட்டரைக்குள் கிளம்பிவிடுகிறார். இவர்களோ ஏழு மணிக்கு, அவர் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது தாலி கட்டவைத்துவிட்டு, எட்டரைக்கு மேல் வெறும் வாசலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எழுதிக் கேட்டேன். ‘ராகு இந்தியாக்காரர், இந்திய நேரப்படிதான் வருவார்’ என்று பதில் வந்தது.

சரி, உங்கள் கேள்வி. நகராட்சியின் மழைநீர்க் குழாயும் ஒரு பஞ்சாங்கப்படிதான் பதிக்கப்படுகிறது. இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை இவ்வளவு கொட்டும் என்று பழைய மழைக் கணக்கைப் பார்த்து அளவு வைக்கிறார்கள். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முன்பு 40 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய இப்படிப்பட்ட மழை, பூமி சூடானதால் 20 வருஷத்துக்கு ஒருமுறை வரலாம் என்று விஞ்ஞானிகள் பிறகு கணித்தார்கள். நகருக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. கண்டெய்னர்கள் மிதந்து வந்து சாலையில் கிடந்தன. வடக்கே டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்துபோய், ஜனங்கள் மாதக்கணக்கில் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். அவ்வளவு மழைக்குப் பின் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. உங்கள் பேராசிரியர் கேட்கும் ‘ஆளுகை’ இதுதான்.

2024 ஜூலையில் ஜனாதிபதி ரமபோசா பருவநிலை மாற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மாகாணமும் நகராட்சியும் தங்கள் பகுதியின் ஆபத்தை மதிப்பிட்டுத் திட்டம் தீட்ட வேண்டுமாம். தீட்டுவார்கள். தீட்டுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

வணிக உத்தி வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போங்கள். எங்கள் காகிதக் கிடங்குக்குப் பாலிசி புதுப்பிக்கப் போயிருந்தேன். முன்பெல்லாம் தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்பதோடு சரி. இந்தத் தடவை அங்கிருந்த பெண், ‘பக்கத்து ஓடை எத்தனை மீட்டர்? தரை ரோட்டைவிடத் தாழ்வா? சாக்கடை எந்தப் பக்கம்?’ என்று கேட்டுக்கொண்டே போனார். பிரீமியத்தைப் பார்த்து வயிறு எரிந்தது, உண்மை. ஆனாலும் என் ஆயாவுக்கு அப்புறம் பஞ்சாங்கத்தை மாற்றிய ஆளாக நான் பார்த்தது அவரைத்தான்.

அவரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒருமுறை கூட்டிப்போக ஆசை. இன்று கடைகளும் கிடங்குகளும் நிற்கிற அந்த ஆற்றோரத்தில், 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பொங்கித் தகரக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. படவத்தான் அறுவர் என்று நாம் கொண்டாடும் மீனவர்கள் படகை இறக்கி 170-க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்தார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு படவு மிதப்பதாக எனக்கு எண்ணம். ஆறு பேரை நினைவு வைத்தோம், ஆறு எதுவரை வந்தது என்பதை மறந்துவிட்டுக் கட்டடம் கட்டினோம்.

இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்தால் எத்தனை மார்க் வருகிறது என்று எனக்குத் தெரிவியுங்கள். டிசம்பர் திங்கட்கிழமை சமர்ப்பிப்பதாக இருந்தால் எட்டரைக்கு மேல் கொடுங்கள்.