மாற்றாந்தந்தை தத்தெடுத்தார்: பழைய பிறப்புப் பதிவும் தத்துப் பத்திரமும் எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். 1989இல் சேலத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்தேன். 1993இல் அப்பா இறந்தார். அம்மா மறுமணம் செய்துகொண்டார்; 1997இல் அவருடைய கணவர் என்னைப் பத்திரம் எழுதித் தத்தெடுத்ததாகச் சொல்வார்கள். என் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றுகளிலும் அவர் பெயரே தந்தை பெயராக இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. பத்திரமும் கைவசம் இல்லை. அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய காப்பித் தோட்டத்தில் எனக்குப் பங்கில்லை, நான் வேறு வீட்டுப் பெண்ணாகிவிட்டேன் என்கிறார் பெரியப்பா. பழைய ஆவணங்களை எப்படிப் பெறுவது?

பதில்: உங்கள் பெரியப்பா சொல்வது பாதி உண்மை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்துடனான உறவு அற்றுப்போகிறது என்பது சரியே. ஆனால் தத்துக்கு முன்பே ஒருவருக்கு உரிமையாகிவிட்ட சொத்து அவரிடமே நிற்கும் என்று அதே பிரிவு விதிவிலக்கும் அளிக்கிறது. உங்கள் தந்தை உயில் எழுதாமல் 1993இல் இறந்திருந்தால், அவருடைய சுய சம்பாத்தியச் சொத்தில் மகளாகிய உங்கள் பங்கு அன்றே உங்களை வந்தடைந்துவிட்டது. 1997இல் நடந்த தத்து அதைப் பறிக்க முடியாது. ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியவை இரண்டு: நீங்கள் அவருடைய மகள் என்பதும், தத்து நடந்த தேதியும்.

பிறப்புப் பதிவு, பெற்றோர் குடியிருந்த ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில்தான் இருக்கும். மலையிலிருந்து பிரசவத்துக்குக் கீழே இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள் பலர் ஏற்காட்டிலேயே தேடிக் களைத்துப்போவதுண்டு. நீங்கள் சேலத்தில் பிறந்ததால் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். 1989இல் சேலம் நகராட்சியாகவே இருந்தது, 1994இல்தான் மாநகராட்சியானது என்பதால், பழைய நகராட்சிப் பதிவேடு என்று விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கணினியில் அச்சாகும் சான்றிதழ் மட்டும் போதாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி எந்தத் திருத்தமும் மூலப் பதிவை அழிக்காமல் பக்க ஓரத்தில் எழுதப்பட்டு, பதிவாளரின் கையொப்பமும் தேதியும் இடப்பட வேண்டும். எனவே, ஓரக் குறிப்பு உட்பட முழுப் பதிவின் நகலைக் கேட்டால், உங்கள் தந்தையின் பெயரும், பெயர் மாற்றப்பட்ட நாளும் ஒரே தாளில் கிடைக்க வாய்ப்புண்டு. பதிவு இல்லை என்றால் அதையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தத்துப் பத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியொரு பத்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம், வீடு சம்பந்தப்பட்டவை 1ஆம் புத்தகத்தில் பதிவாகும்; சொத்து எதையும் குறிப்பிடாத தத்துப் பத்திரமோ 4ஆம் புத்தகத்தில் பதிவாகும், வில்லங்கத்தில் வராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அந்தப் புத்தகத்தின் நகலை எழுதிக்கொடுத்தவர்களுக்கும் அதன்வழி உரிமை கோருபவர்களுக்கும் மட்டுமே தரச் சொல்கிறது. தத்துப்பிள்ளையான நீங்கள் இரண்டாம் வகையினர். கையெழுத்திட்ட உங்கள் மாற்றாந்தந்தை உயிருடன் இருந்தால் அவரும் கேட்கலாம். தேடலைப் பதிவு அலுவலரே செய்வார். பெயர்வாரிக் குறிப்பேட்டைக் கொண்டே தேடுவார்கள் என்பதால், தாய், மாற்றாந்தந்தை இருவர் பெயரையும் அன்றைய எழுத்துப்படியே கொடுங்கள். சுவீகாரப் பத்திரம் என்ற தலைப்பிலும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தகைய பத்திரத்தைச் சொத்து இருக்கும் எல்லையில்தான் பதிய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாததால், சேலத்தில் கிடைக்காவிட்டால் மாற்றாந்தந்தையின் சொந்த ஊர்ச் சார்பதிவாளரிடமும் விண்ணப்பியுங்கள். தாயே கொடுத்த தத்துக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை. ஆகவே சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நகலுக்கு அலைய வேண்டாம்.

பத்திரம் கிடைத்ததும் உங்கள் இருவருக்கும் உள்ள வயது வித்தியாசத்தைப் பாருங்கள். பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் ஆண் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும்; மறுமணக் குடும்பங்களில் இந்த ஒரு நிபந்தனையில் தவறிய பத்திரங்கள் உண்டு. கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரமென்றால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை தத்து சட்டப்படியே நடந்ததாக நீதிமன்றம் கொள்ளும். நீங்கள் சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினராக இருந்தால் 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தா, வழக்காறே பேசும் என்பதால், மேலே சொன்ன பங்குக் கணக்கு மாறிவிடும். அதை மறக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் தெரிவியுங்கள்.

பத்திரம் எங்குமே இல்லை, கொடுத்து வாங்கிய சடங்குக்கும் சாட்சியில்லை என்றால், பள்ளியில் எழுதிய பெயர் மட்டும் தத்தாகாது. அப்போது நீங்கள் பெற்ற தந்தையின் மகளாகவே சட்டத்தின் கண்ணில் நீடிக்கிறீர்கள். தோட்டத்து வழக்கு எளிதாகும். ஆனால் உங்களை வளர்த்தவரின் சொத்தில், அவர் உயில் எழுதினாலொழிய, உங்களுக்கு வாரிசுரிமை இராது. எனவே நகல்கள் கைக்கு வரும்வரை பெரியப்பாவுக்கு எழுத்தில் எந்தப் பதிலும் கொடுக்காதீர்கள்.