ஊனத்தோடு பிறந்த கெக்கோ குஞ்சுகளை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வைத்திருக்கிறேன். என் மகன் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஜோடி ஒன்று வளர்க்கிறான். புதுச்சேரியில் ஒருவரிடம் வாங்கியது. இரண்டும் உடன்பிறந்தவை என்று அப்போதே சொன்னார்கள். சித்திரை, வைகாசியில் முட்டைகளை டப்பாவில் போட்டு மாடியில் இருக்கும் ஷீட் போட்ட அறையில் வைத்திருந்தான். மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஒன்றுக்கு வால் கோணல், ஒன்றுக்கு முன்கால் வளைந்திருக்கிறது, ஒன்றுக்கு ஒரு கண்ணில் இமையே இல்லை. மகன் வேலைக்காகக் கோயம்புத்தூர் போகிறான். இரண்டு பேர் விலைக்குக் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் தோஷம், தோப்பில் விட்டுவிடு என்கிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தோப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலத்தில் வாழும் இனம் இது. டப்பாவில் பொரிந்து, கையில் இரை வாங்கித் தின்று பழகிய குஞ்சு முந்திரித் தோப்பில் பிழைக்காது. எறும்போ செம்போத்தோ அதை முடித்துவிடும். தப்பித் தவறிப் பிழைத்தாலும், தன் குடலில் இருக்கும் கிருமியை நம் ஊர்ப் பல்லி, ஓணான்களுக்குக் கொடுக்கக்கூடும். வளர்த்த உயிரைப் பசிக்கும் தாகத்துக்கும் விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தோஷம் என்று எதுவும் இல்லை. பெரியவர்களிடம் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே கிடாவை அதன் குட்டிகளோடே சேர விட்டால் போகப் போகக் குட்டிகள் நோஞ்சானாகவும் ஊனமாகவும் விழும். உடன்பிறந்த ஜோடி என்பதால் இங்கேயும் அந்தக் கதையாக இருக்கலாம். அதோடு வெப்பமும் சேர்ந்திருக்கலாம். இந்த முட்டைகளை 26 முதல் 32 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துப் பொரிக்க வேண்டும். 27-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் பெண், 32-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண். 34-ஐத் தாண்டினால் கரு செத்துப்போகலாம், அல்லது ஊனத்தோடு வரலாம். அக்னி நட்சத்திரத்தில் கடலூர் மாவட்டத்து ஷீட் கொட்டகைக்குள் மதியம் எவ்வளவு சூடு ஏறும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பெற்றதுகள் மேல் குறையா, சூட்டின் மேல் குறையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே முடிவெடுங்கள்: அந்த ஜோடியை இன்றே தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். பிரித்த பிறகும் பெட்டை பல வாரங்களுக்குக் கருக்கூடிய முட்டை இடலாம், விந்தைச் சேமித்து வைக்கும் உடம்பு அது. அப்படி இட்டால் அன்றைக்கே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாள் கடந்து கரு வளர்ந்த பிறகு அதைச் செய்யக்கூடாது.

சரி, குஞ்சுகளுக்கு வருவோம். மூன்றுக்கும் மூன்று விதமான எதிர்காலம். ஒரே பேச்சில் மூன்றையும் தள்ளிவிட நினைக்காதீர்கள்.

வால் கோணல் பெரிய விஷயம் இல்லை. கெக்கோ தன் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். கோணலாக இருந்தாலும் வால் தடித்து வந்தால் குஞ்சு நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். இது 15, 20 வருடம்கூட வாழலாம். வாங்குபவருக்கு அது முதலில் தெரிய வேண்டும்.

வளைந்த காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும். பொரிந்த அன்றே வளைந்திருந்தால் பிறவி ஊனம், அதோடு நடக்கப் பழகிக்கொள்ளும். சில வாரம் கழித்து வளைந்ததா, தாடை ரப்பர் போல் மெத்தென்று இருக்கிறதா, விரல்கள் நடுங்குகின்றனவா? அப்படியானால் சுண்ணாம்புச் சத்தும் டி3 வைட்டமினும் பற்றாத எலும்பு நோய். இதைச் சீக்கிரம் பிடித்தால் தடுத்து நிறுத்தலாம், ஏற்கெனவே வளைந்தது மட்டும் முழுதாக நிமிராது. ஊர்வனவற்றுக்கென விற்கும் கால்சியம் பவுடரை ஒரு பாலித்தீன் பையில் கொஞ்சம் போட்டு, கிரிக்கெட் பூச்சிகளையும் உள்ளே விட்டுக் குலுக்கினால் பூச்சி மாவு பூசினாற்போல் வெளுத்து வரும், அதை அப்படியே கொடுங்கள். மாட்டுக்கு வைக்கும் தாது உப்புக் கலவையைத் தூவ வேண்டாம், அதில் இருக்கும் பாஸ்பரஸும் உப்பும் இதற்கு ஒத்துவராது. இன்னொன்று, தோப்பில் பூச்சி பிடித்துப் போடாதீர்கள். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காக நீங்கள் அடித்த மருந்து அந்தப் பூச்சியின் உடம்பில் இருக்கலாம்.

கவனம் அதிகம் தேவைப்படுவது இமை இல்லாத குஞ்சுதான். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைக் கவனித்திருப்பீர்கள், இமை கிடையாது, நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அதன் கண்ணுக்கு மேல் கண்ணாடி போல் ஒரு தோல் மூடி உண்டு. லெப்பர்ட் கெக்கோவுக்கு அந்த மூடி இல்லை, நம்மைப் போல மூடித் திறக்கும் இமைதான் காப்பு. அது இல்லாத கண் காயும், தூசி படும், தோல் உரிக்கும்போது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் மணல் போடாமல் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பா ஒன்றை ஒளிந்துகொள்ள வையுங்கள். உங்கள் வீட்டுக் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு மூன்றையும் ஒரே தடவை கொண்டுபோங்கள். தானாக இரை பிடிக்க முடியாமல் மெலிந்துகொண்டே போகும் குஞ்சு இருந்தால், வலியில்லாமல் முடித்து வைப்பது பற்றியும் அவரிடமே கேளுங்கள். அது கொடுமை இல்லை. தண்ணீரில் போடுவதும், உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும்தான் கொடுமை.

யாருக்காவது கொடுக்கும் முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும். இதே ஜாடையில் இந்தியக் காட்டுக் கெக்கோ இனங்களும் உண்டு, காட்டில் பிடித்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2024-இல் வந்த விதிகளின்படி, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக உடன்படிக்கை) பட்டியலில் உள்ள உயிரினங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது எந்த இனம், எதற்குள் வருகிறது என்பதை வாங்கிய ரசீதோடும் படத்தோடும் போய் கடலூர் வன அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்கள் கூடாது என்றால் அதோடு நிறுத்திவிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கொடுக்கலாம் என்றால் விலை வைக்காதீர்கள். விலை வைத்தால் அடுத்தவர் அதை 'ரேர் பீஸ்' என்று இன்னொருவரிடம் ஏற்றி விற்பார், நாளைக்கு இந்தக் குஞ்சுகளும் ஜோடி சேர்க்கப்படும். அதனால் இனப்பெருக்கத்துக்கு விடமாட்டேன் என்று வாங்குபவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஊனம் என்ன, எதனால் இருக்கலாம், மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கேட்கும் இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, குஞ்சு இரை தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வையுங்கள். "கால் வளைந்ததற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று அவராகக் கேட்டால் நல்ல ஆள். படம் பிடிப்பதில் மட்டும் குறியாக இருந்தால் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் சால்மோனெல்லா கிருமி பற்றிச் சொல்லுங்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இருக்கக் கூடாது. கூரியரில் அனுப்பவே கூடாது. காற்றுத்துளை உள்ள டப்பாவில் டிஷ்யூ விரித்து, வெயில் ஏறும் முன் காலையில் நேரில் கொடுங்கள்.

அவசரமும் படாதீர்கள். இரண்டு மூன்று மாதம் உங்களிடமே இருந்து நன்றாகத் தின்று, தோல் உரித்து, வால் தடிக்கட்டும். மகன் ஊருக்குப் போகும் முன், இரை கொடுக்கும் நாளையும் கால்சியம் தூவும் முறையையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். இமை இல்லாத குஞ்சை எடுத்துக்கொள்ளச் சரியான ஆள் கிடைக்காவிட்டால், ஒரு சின்னப் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். எக்ஸ்ரே எடுத்தபின் மருத்துவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள், அந்தக் காலுக்கு மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.