ஆசிரியர் பயிற்சிக்குச் செலவழிக்கும் கல்வி மானியத்தை ஏழை மாணவர்களின் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 27 பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பா அம்மா கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். "மாசத்துக்கு ஒரு பயிற்சின்னு கிளம்புறியே, அந்தக் காசைப் பிள்ளைங்களுக்கே கொடுத்தா என்ன?" என்பார் என் கணவர். என் பீரோவில் இருக்கும் பதிவேடுகளை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சுருக்கமாக. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்விக்கான திட்டம் மூன்றையும் 2018இல் ஒன்றாகச் சேர்த்து 'சமக்ர சிக்ஷா' ஆக்கினார்கள். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி. (நாங்கள் இன்னும் பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பெயரில் எஸ்.எஸ்.ஏ. என்றுதான் சொல்கிறோம். வாய்க்குப் பழகிவிட்டது.) நம் மாநிலத்துக்கு மத்திய அரசின் பங்கு 60, மாநில அரசின் பங்கு 40. நான் பயிற்சிக்குப் போய்வரும் செலவும், பள்ளிக்கு வாங்கும் பினாயிலும், மாற்றுத்திறன் குழந்தையைப் பார்க்க வரும் சிறப்பு ஆசிரியரின் சம்பளமும் ஒரே பானையிலிருந்து வருகின்றன. அதனால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

பள்ளிக்கு நேரடியாக வருவது பள்ளி மானியம். இதைத் தலையை எண்ணிக் கொடுப்பார்கள். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்குப் போக வேண்டும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளியில் முன்பு 33 பேர் படித்தார்கள். நான்கு குடும்பங்கள் பிழைப்பு தேடித் திருப்பூர் பக்கம் போயின. எண்ணிக்கை 27 ஆனது, 25,000 என்பது 10,000 ஆனது. ஆறு பிள்ளைகள் குறைந்ததற்கு 15,000 ரூபாய் குறைந்தது. ஆனால் கழிப்பறை அதேதான், கூரை அதேதான், தண்ணீர் மோட்டார் அதேதான். மோட்டார் காயில் எரிந்தால் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டா மெக்கானிக் கூலி சொல்கிறார்? மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் இருப்பவை பெரும்பாலும் இப்படிச் சின்னப் பள்ளிகள். வசதியே இல்லாத பிள்ளைகள் படிக்கிற இடமும் அதுதான். தலைக்கணக்கில் முதலில் அடிபடுவதும் அதுதான். என்னைக் கேட்டால் மானியத்தில் மாற்ற வேண்டிய முதல் விஷயம் இது.

இன்னொன்று, பணம் வரும் நேரம். ஜூனில் பள்ளி திறக்கிறோம். எங்களுக்கு மானியம் தை மாசியில் வந்த ஆண்டுகள் உண்டு. மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் நானும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுப்போம். இப்போது எல்லாம் ஆன்லைன். கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடைக்காரர், "டீச்சர், ரொக்கமா இருந்தா எடுத்துக்குங்க. பில்லு, கணக்கு நம்பர் எல்லாம் நம்மகிட்ட ஆகாது" என்று கும்பிடு போட்டுவிட்டார். பல்பும் துடைப்பமும் என் கைக்காசில் வாங்கினேன். இதைச் செய்யாத தலைமையாசிரியர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, நீங்கள் கேட்டதுபோல நேரடியாகக் கையில் கொடுப்பதைப் பார்ப்போம். அதுவும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால், ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு வருடம் மாதம் 1,000 ரூபாய். எங்களிடம் படித்துப் போன ஒரு பெண் அதை வாங்கினாள். அந்தப் பணம் இல்லாவிட்டால் பத்தாவதோடு நின்றிருப்பாள் என்று அவள் அம்மாவே சொன்னார். மாதம் ஆயிரம் என்ற கணக்குக்கு ஒரு பலம் உண்டு.

ஆனால் சின்னத் தொகைகளின் கதை வேறு. சில வருடங்களுக்கு முன்பு மூன்றாம் வகுப்பு பழங்குடி மாணவி ஒருத்திக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை வர வேண்டும். சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். ஆதாரில் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் பின்னால் இருந்தது. அதைச் சரிசெய்ய அவள் அம்மா மூன்று நாள் அலைந்தார். மூன்று நாளும் கூலி போச்சு. நான்காவது முறை போகச் சொன்னபோது, "வேணாம் டீச்சர், ஐந்நூறை வாங்க ஆயிரத்தை வுட்டுட்டேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. நான் 2004இல் வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனை பயிற்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அத்தனை. மாநிலத்தில் ஒருவர் சொல்லி, மாவட்டத்தில் ஒருவர் கேட்டு, அவர் ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்தில் சொல்லி, அங்கிருந்து எங்களிடம் வரும்போது நாலாவது கொதி கண்ட காபித்தூள் மாதிரி இருக்கும். புரொஜெக்டரில் படம் ஓடும், டீயும் பிஸ்கட்டும் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அந்த ஒரு நாள் பிள்ளைகளிடமிருந்து எடுத்த நாள். எந்தச் செலவுக் கணக்கிலும் இது ஏறாது.

பிறகு ஏன் பயிற்சியை நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்றால், ஒரு பையனால்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன கற்றலைப் பிடிக்க, முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். பெற்றோரோடு கரும்பு வெட்டுக்குப் போய்ப் போய் வந்தவன். ஒரு எழுத்தும் தெரியாது. அரும்பில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார வைத்தேன். இரண்டு நாள் வந்தான், மூன்றாம் நாள் மதிலுக்கு வெளியே நின்றான்.

அந்த வாரம் எங்கள் வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பைப் பார்க்க வந்தார். வழக்கமாகப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போவார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். பத்துப் பத்தாகக் குச்சியைக் கட்டி, ஒன்றுகள் பத்துகள் சொல்லிக் கொடுக்கும் முறை எங்களுக்குப் பயிற்சியில் காட்டியதுதான். நான் அதை ஒப்புக்குச் செய்துகொண்டிருந்தேன். அவர் பையனை உள்ளே கூப்பிட்டு, ஈர்க்குச்சிகளை முன்னால் கொட்டி, "தம்பி, கரும்பை எப்படிக் கட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவன் கட்டினான். ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் நாரைச் சுற்றி, நுனியை முறுக்கி உள்ளே செருகினான். முடிச்சே இல்லை, அவிழவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் ரப்பர் பேண்டோடு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கட்டுக்குப் பத்துக் குச்சி, நாலு கட்டும் மீதி மூன்று குச்சியும் என்றால் எவ்வளவு என்றதும், "நாப்பத்தி மூணு" என்றான். எண்ணவே இல்லை. கட்டுக் கணக்கு அவனுக்குப் பழக்கம். எழுத்து தெரியாத பையனுக்கு இடமதிப்பு தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அது தெரியவில்லை.

அன்றிலிருந்து கட்டு கட்டுவது அவன் வேலை. பொடிசுகளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அரும்பில் உட்காரும் வெட்கம் போய்விட்டது. தமிழுக்கு அந்தப் பயிற்றுநர் ஒரு யோசனை சொன்னார்: "அ, ஆவை விடுங்க டீச்சர். ட, ப, மவில் ஆரம்பிங்க. கோடாப் போட்டா எழுத்து வந்துடும். 'படம்' எழுதிட்டான்னா அப்புறம் அவனே கேப்பான்." இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிக்கும் வந்தபோதே அட்டைகளில் இப்படித்தான் பழக்கினோம். நடுவில் மறந்துவிட்டேன். நினைவுபடுத்த ஓர் ஆள் வகுப்புக்கு வர வேண்டியிருந்தது.

அவர் வந்து போன செலவு என்ன, பைக்குக்கு அரை லிட்டர் பெட்ரோல். ஹாலில் நூறு பேரை உட்கார வைத்து நடத்தும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, இப்படி வகுப்புக்கு வருகிற ஆட்களைக் கூட்டினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்கள் தலையிலும் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் இணையதளம்) தகவல், புள்ளிவிவரம், நலத்திட்டப் பொருள் விநியோகம் என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாயில் உட்கார நேரம் எங்கே?

அதே பையன் பள்ளிக்கு வந்ததே இன்னொரு மானியத்தால்தான். அவன் இருப்பது நாலு கிலோமீட்டர் மேலே ஒரு குடியிருப்பில். பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி உண்டு, ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். அதில் ஒரு ஆட்டோ ஓடுகிறது. ஒரு வருடம் பணம் வரத் தாமதமாகி, ஆட்டோக்காரர் இரண்டு மாதம் கடனில் ஓட்டினார். மூன்றாம் மாதம், "டீச்சர், டீசல் பங்க்ல எனக்குக் கடன் தர மாட்டேங்கறான்" என்று நிறுத்திவிட்டார். அந்த மாதம் ஒன்பது பிள்ளைகளில் நாலு பேர் நடந்து வந்தார்கள். மற்ற ஐந்து பேர் வரவில்லை. பயிற்சி, மானியம், ஊக்கத்தொகை என்று நாம் பேசுவதெல்லாம் அந்த ஐந்து பேருக்கு இல்லாமல் போனது.

செய்தியில் பார்த்திருப்பீர்கள். மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்று அரசு ஊழியரான நான் இங்கே எழுத முடியாது. கோடிகளில் பேசப்படும் அந்தப் பணம் கீழே வரும்போது ஆட்டோ டீசலாகவும் சிறப்பு ஆசிரியர் சம்பளமாகவும்தான் வருகிறது என்று மட்டும் சொல்லலாம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: மாதம் ஆயிரம் போல, படிப்பை நிறுத்தாமல் பிடித்து வைக்கிற தொகையைக் கையில் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஐந்நூறு என்பதை விட்டுவிட்டு அதை ஆட்டோவுக்குக் கொடுங்கள். பயிற்சிப் பணத்தை நிறுத்தாதீர்கள், ஹாலிலிருந்து வகுப்புக்குத் திருப்புங்கள்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு என்ன மானியம் வந்தது என்று தெரிய வேண்டுமானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். தீர்மானப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். என் பள்ளியில் இதுவரை அதைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர், அந்த ஆட்டோக்காரர்தான். தன் பாக்கி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்க வந்தார்.