375 துவக்குக்குக் கையால் தோட்டா நிரப்பும்போது எவ்வளவு வேகம் வைப்பது?

கேட்டிருப்பவர் திருக்கோவில் தம்பி, இப்போது டார்வினில் இருக்கிறார், லைசன்சும் எடுத்தாயிற்று. 375 எச் அண்ட் எச் துவக்கில் 300 கிரெய்ன் எடைச் சன்னம் போட்டு எருமை வேட்டைக்குத் தானே தோட்டா நிரப்பப் போகிறார். கூட வருகிறவர் செக்கனுக்கு 2,650 அடி வரை ஏற்றச் சொல்கிறாராம், வெடிமருந்து அளவு சொல்லும் கையேட்டின் மேல் எல்லையைத் தாண்டலாமா என்பதுதான் கேள்வி.

தாண்ட வேண்டாம் தம்பி. அந்த எல்லையைத் தொடவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

நானும் அந்தப் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். இதை வாசிக்கிற ஊர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை, இது முழுக்க அவுஸ்திரேலியக் கதை. வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மைக்குப் பன்றிக் காவல் இருக்கிறவருக்கு அனுமதி கிடைத்தாலும் அது சொட்கன்தான், வீட்டில் தோட்டா நிரப்புகிற பேச்சே கிடையாது, யானையை விரட்ட ஆனைவெடிதான். ஆனால் நம் ஆட்களின் மண்டையில் கட்டுத்துவக்குக் காலத்து நம்பிக்கை ஒன்று இன்னும் கிடக்கிறது: மருந்து கூடினால் அடி கூடும். அங்கே போய் லைசன்ஸ் எடுத்த பிறகும் அது போவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

375 எச் அண்ட் எச் 1912-இல் வந்தது. 300 கிரெய்ன் சன்னத்துக்கு அதன் வழக்கமான வேகம் ஏறத்தாழ 2,530 அடி, நூறு வருடத்துக்கு மேலாக ஆபிரிக்க எருமையும் யானையும் விழுந்தது இந்த வேகத்தில்தான். இதிலிருந்து நூறு அடியைக் குறைத்து 2,430 வைத்தால் என்ன நட்டம்? 100 யார் (கெஜம்) தூரத்துக்குக் குறி சரிபார்த்த துவக்கில், 200 யாரில் சன்னம் கூடுதலாக விழுவது அரை அங்குலம் மட்டில். அங்கே எருமையை 200 யாரில் யார் சுடுகிறார்கள்? சதுப்புப் புல்லுக்குள் 50, 60 யாருக்குள் போய்த்தான் சுடுவது. நம்முடைய தயிர் எருமையின் இனம்தான் அதுவும், ஆனால் காட்டில் வளர்ந்த கிடாவுக்கு உடம்பும் குணமும் வேறு.

சரி, நூறு அடியைக் கூட்டினால்? சக்தி கொஞ்சம் கூடும்தான். கூடவே தோளில் உதை கூடும், உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற பழக்கமும் வரும், அப்புறம் சன்னம் குடலில் போய் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் மருந்து எரியும்போது துவக்குக்குள் எழுகிற அழுத்தம். மேல் எல்லைக்குப் பக்கத்தில் வேகம் கொஞ்சம் கூடுவதற்குள் அழுத்தம் நிறையக் கூடிவிடுகிறது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்க அளவுகோலில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல், அது உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிற காரியம்.

சன்னத்தின் வேகத்தை அளக்கிற வேகமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அதை உச்ச வேகத்தைக் காட்டிப் பெருமை பேசுகிற கருவியாகத்தான் பலர் வைத்திருக்கிறார்கள், உண்மையில் அது எச்சரிக்கைக் கருவி. கையேட்டில் சொன்ன மருந்துக்கு ஒரு கிரெய்ன் குறைவாகப் போட்டபோதே கையேட்டின் வேகம் வந்துவிட்டதா, அழுத்தமும் வந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று குழல் நீளம். பல கையேடுகள் 24 அங்குலக் குழலில் அளந்தவை. உங்களுடையது 22 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 25, 30 அடி இயல்பாகவே குறையும். அந்தக் குறையை மருந்து போட்டு நிரப்பப் போவதுதான் வம்பு.

சுட்ட பிறகு போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கவனியுங்கள். வழக்கமாக இரண்டு விரலால் எழும்புவது உள்ளங்கையால் தட்டினால்தான் எழும்புகிறது என்றால் அது கடைசி எச்சரிக்கைக்குக் கிட்ட. தோட்டாவின் பித்தளைக் கோதின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: எழுத்துக்கு மேலே பளபளவென்று சின்ன வட்டத் தேய்மானம் இருந்தால், பித்தளை பின்னால் தள்ளப்பட்டு போல்ட் முகத்து ஓட்டைக்குள் வழிந்திருக்கிறது. புதுப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) விரலால் அழுத்தியே உள்ளே போகிறதென்றால் அந்தக் கோதை எறிந்துவிடுங்கள். இந்த அறிகுறி ஒன்றும் தெரியாமலே எல்லை தாண்டியிருக்கவும் முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெக்கையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆடியில் கச்சான் அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே இருந்து பழகியவர். ஒக்டோபரில் டார்வின் அப்படித்தான். குளிரூட்டிய அறைக்குள் நிரப்பி, காலைக் குளிர்ச்சியில் சோதித்துவிட்டு, அதே தோட்டாவை ஜீப்பின் முன்தட்டில் வெயிலில் போட்டு நடுப்பகலில் சுட்டால் அழுத்தம் ஏறியிருக்கும். வெள்ளைக்காரர் இதைப் பட்டே படித்தார்கள், 1911-இல் வந்த 416 ரிக்பித் தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய கோது வைத்ததே சூடான நாட்டில் அந்தக் காலத்துக் கோர்டைட் மருந்தின் அழுத்தம் எகிறாமல் இருக்கத்தான். இப்போது அவுஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்கிற ஏஆர்2209 போன்ற மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை, என்றாலும் நடுப்பகலில் ஒருமுறை சுட்டு அளந்து பார்ப்பதில் என்ன கஷ்டம்?

சன்னத்தையும் பாருங்கள். சாதாரண ஈயச் சன்னத்தைக் கிட்டத்தில் மிகை வேகத்தில் அடித்தால் தோள் எலும்பிலேயே சிதறி உள்ளே போகாது. 1946-இல் ஜோன் நொஸ்லர் கனடாவில் சேறு அப்பிய மூஸ் மானைச் சுட்டபோது இதே தொல்லைதான், அதிலிருந்துதான் அவருடைய நடுச்சுவர் வைத்த பார்ட்டிஷன் சன்னம் பிறந்தது. ஈயத்தை உறையோடு ஒட்டிய சன்னம் என்றால் 2,400 சொச்சம் தாராளம். முழுச் செம்புச் சன்னம் என்றால் விரிய வேகம் வேண்டும், 2,500-ஐ ஒட்டி வைக்கலாம், ஆனால் அது நீளமானது, கோதுக்குள் இடம் பிடிக்கும், அதற்கென்று உள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

வேகமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். 1956-இல் வந்த 458 வின்செஸ்டர் மெக்னம் தோட்டாவில் சின்னக் கோதுக்குள் மருந்தை அமுக்கி 500 கிரெய்னுக்கு 2,130 அடி என்றார்கள், கையில் வந்ததோ பல இடத்தில் அதைவிட மிகக் குறைவு, சன்னம் போதுமான ஆழம் போகவில்லை என்று ஆபிரிக்காவில் முறைப்பாடு வந்தது. அதேபோல மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் கீழ் எல்லைக்கும் கீழே குறைப்பதும் ஆபத்து, அதற்கும் குழல் வெடித்திருக்கிறது.

ஆகவே கீழ் எல்லையில் தொடங்கி அரை அரைக் கிரெய்னாக ஏறுங்கள், 2,430-க்கும் 2,500-க்கும் இடையில் எந்த அளவில் மூன்று வெடியும் நெருங்கி விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 2,650 காரரிடம் குழல் எத்தனை அங்குலம், எதில் அளந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். என்ன பதில் சொன்னாலும் அவர் நிரப்பிய தோட்டாவை மட்டும் உங்கள் துவக்கில் போட வேண்டாம்.