விஎம்களை நிறுத்தாமலே செஃப் கிளஸ்டரை மேம்படுத்தலாம்

வணக்கம். நான்கு சர்வர், அவற்றில் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) இயக்கும் பிராக்ஸ்மாக்ஸ் 7, தரவை எல்லா சர்வர்களின் டிஸ்க்குகளிலும் பகிர்ந்து வைக்கும் செஃப் (பசிஃபிக் பதிப்பு); விஎம்களை நிறுத்தாமல் பிராக்ஸ்மாக்ஸ் 8-க்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் பிராக்ஸ்மாக்ஸைத் தொடும் முன் செஃப்பை அதன் அடுத்த பதிப்பான குவின்சிக்கு ஏற்றிவிடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

முதலில் நோஅவுட் (noout) கொடியைப் போடுங்கள்; நின்ற டிஸ்க்குகளைக் கைவிடாதே என்று செஃப்புக்குச் சொல்லும் அமைப்பு அது. இல்லையென்றால் செஃப் நின்றுபோன டிஸ்க்குகளை 10 நிமிடத்தில் கைவிட்டு, அவற்றின் தரவை மற்ற சர்வர்களில் நகலெடுக்க ஆரம்பித்துவிடும். பேக்கேஜ்களைப் புதுப்பித்ததும் செஃப்பின் சேவைகளை மானிட்டர், மேனேஜர், கடைசியாக ஓஎஸ்டி (ஒவ்வொரு டிஸ்க்கையும் கவனிக்கும் சேவை) என்ற வரிசையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓஎஸ்டியில்தான் பொறுமை வேண்டும். ஒரு சர்வர் முடிந்து எல்லா பிஜியும் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) 'ஆக்டிவ்+கிளீன்' ஆகும்வரை அடுத்ததில் கை வைக்காதீர்கள். உங்கள் பூலில் (சேமிப்புப் பகுதியில்) சைஸ் 3, மின்சைஸ் 2; அதாவது மூன்று நகல், அதில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் நின்றால் பல பிஜிகளுக்கு ஒரு நகல்தான் மிஞ்சும், விஎம்கள் உறைந்துவிடும். நோஅவுட் இருக்கும்வரை ஹெல்த் மஞ்சளாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்.

எல்லா ஓஎஸ்டியும் குவின்சிக்கு வந்ததும் குறைந்தபட்ச ஓஎஸ்டி பதிப்பையும் குவின்சி என்று மாற்றுங்கள்.

அப்புறம் பிராக்ஸ்மாக்ஸ். ஒவ்வொரு சர்வராக, அதன் விஎம்களை வேறு சர்வருக்கு நகர்த்திக் காலி செய்து ஏற்றுங்கள். 7-லிருந்து 8-க்கு விஎம் நகரும்; திரும்பி வருவதை நம்பாதீர்கள். புதிய கர்னலில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறலாம் என்பதால் ஐபிஎம்ஐ கன்சோலை (நெட்வொர்க் போனாலும் சர்வரின் திரையைக் காட்டும் தனி வழி) திறந்து வைத்துக்கொண்டே ரீபூட் கொடுங்கள். நான்கும் முடிந்தபின் நோஅவுட்டை எடுக்க மறக்காதீர்கள்.