ரத்த வகையே மாறிவிட்டதே, டாக்டர்!

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுடைய அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி 5 மாதங்கள் ஆகின்றன. பி பாசிட்டிவாக இருந்தவனை இப்போது ஓ பாசிட்டிவ் என்கிறார்கள். பரிசோதனையில் தவறா? பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பியும் இருக்கிறான்.
- ஒரு தாய், காசிமேடு

பதில்: தவறு இல்லை அம்மா, நல்ல செய்திதான். ரத்தம் ஊறுவது மஜ்ஜையில். இப்போது அவன் எலும்புக்குள் வேலை செய்வது அக்காவின் மஜ்ஜை. எனவே ஊறுவதும் அவளுடைய வகை ரத்தமே. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையவை கழியக் கழிய, வகை மாறிவிடும். பழைய ரத்த வகை அட்டையை இனி எங்கும் நீட்டாதீர்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்த பிள்ளை என்பதை முதலில் சொல்லுங்கள். அவனுக்கு ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சு கொடுத்ததாக இருக்க வேண்டும்.

மஜ்ஜை பிடித்துவிட்டாலும் எதிர்ப்பு சக்தி முழுதாகத் திரும்ப ஓராண்டு ஆகலாம்; சிலருக்கு இரண்டாண்டும் ஆகும். 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. நள்ளிரவானாலும் கிளம்புங்கள். உங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஆட்டோ நகராது. எந்த வழியாகப் போவது, யாரை அழைப்பது என்பதை இன்றே முடிவு செய்துவையுங்கள்.

மீன் தாராளமாகக் கொடுக்கலாம், நன்றாக வெந்திருந்தால். மறுநாள் மீன் குழம்புக்குத் தனி ருசிதான், நானும் விரும்புபவன். அவனுக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பம்பளிமாஸும் வேண்டாம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும்.

தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்காதீர்கள். அதிலுள்ள உயிருள்ள கிருமி பல வாரங்கள் மலத்தில் வெளியேறி அண்ணனைத் தொற்றலாம். முகாமில் செவிலியரிடம் காரணத்தைச் சொல்லி, போலியோவை ஊசியாகக் கேளுங்கள். தட்டம்மை ஊசியைத் தம்பிக்குத் தவறாமல் போடுங்கள். பெரியவனுக்கு முன்பு போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மட்டும் இரண்டாண்டு கழித்து, அடக்கும் மாத்திரை நின்ற பிறகே போடுவோம்.

பள்ளிக்கு நாள் குறிப்பது காலண்டர் அல்ல. அந்த மாத்திரை குறைகிறதா, தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ இல்லையா, அணுக்கள் ஏறுகின்றனவா என்று பார்த்து உங்கள் சிகிச்சைக் குழு சொல்லும். பெரும்பாலும் 6 மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் அனுமதி கிடைக்கும். அனுப்பும்போது வகுப்பாசிரியரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்றால் அன்றைக்கே தெரிய வேண்டும். அப்போது போடும் காப்பு ஊசி (உயிருள்ள தடுப்பூசி அல்ல) சில நாட்களுக்குள் போட்டால்தான் பலன். தெருவில் வேப்பிலை கட்டிய வீடு இருந்தாலும் அப்படியே: அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே போய்வந்திருந்தால் கொப்புளம் வரக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.