போலீஸ் எடுத்துப் போன சிசிடிவி பதிவு குற்றப்பத்திரிகையில் இல்லை: கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாத் தகராறில் என் தம்பி மேல் கொலை முயற்சி வழக்கு போட்டிருக்கிறார்கள். சம்பவ நேரத்தில் அவன் வேறு தெருவில் டீக்கடையில் இருந்தான். அந்தக் கடை சிசிடிவி பதிவை போலீஸார் பென்டிரைவில் எடுத்துப் போனார்கள். குற்றப்பத்திரிகை நகலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தரச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா? எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் பயன் உண்டா?

பதில்: கேட்க உரிமை உண்டு. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் அது நேரடியாக இல்லை. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 193-ம் பிரிவின்படி, அரசுத் தரப்பு எந்த ஆவணங்களை நம்பி வழக்கு நடத்துகிறதோ அவற்றை மட்டும் போலீஸார் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போதும். 230-ம் பிரிவுப்படி 14 நாளுக்குள் உங்கள் கைக்கு வருவதும் அவற்றின் நகல்தான். தம்பிக்குச் சாதகமான பதிவு இந்த இடைவெளியில்தான் விழுந்துவிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், விசாரணை அதிகாரி சேகரித்தும் வழக்கில் சேர்க்காமல் விட்டவற்றின் பட்டியலையும் தர வேண்டும் என்று வரைவு விதிகள் மூலம் சொன்னது. 2022-ல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கிலும் அதை உறுதிசெய்தது. உங்கள் வக்கீல் போடும் மனுவுக்கு இவை இரண்டும்தான் அடித்தளம்.

முதலில் டீக்கடைக்குப் போங்கள். பதிவுப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். இன்னும் இருந்தால், கடைக்காரரிடம் நகலோடு, மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழும் வாங்குங்கள். சான்றிதழ் இல்லாத நகலை நீதிமன்றத்தில் ஏற்கவைப்பது சிரமம்.

அடுத்து, நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு ‘படிவம் 95’ வாங்கிப் பாருங்கள். கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது போலீஸார் வைக்கும் பட்டியல் அது. பென்டிரைவ் அதில் இருந்தால் உங்கள் பாடு எளிது. நீதிமன்றத்தின் வசம் இருந்தும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படாத ஆவணத்தைப் பார்வையிட்டு நகல் பெறலாம் என்று 2012-ல் வி.கே. சசிகலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிவத்தில் பென்டிரைவ் இல்லையென்றால், ஆவணத்தை வரவழைக்கும் பி.என்.எஸ்.எஸ். 94-ம் பிரிவில் மேலூர் நடுவர் மன்றத்தில் மனு போட வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் காவலர் வந்து எடுத்தார், கேமரா எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அதில் துல்லியமாக எழுதுங்கள். கூடவே சேர்க்காதவற்றின் பட்டியலையும் கேளுங்கள்.

பலருடைய மனு தள்ளுபடியாவதற்குக் காரணம், “எல்லா ஆவணங்களும் வேண்டும்” என்று மொத்தமாகக் கேட்பது. விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் வழக்கு நாட்குறிப்பைக் கேட்டாலும் கிடைக்காது, பி.என்.எஸ்.எஸ். 192-ம் பிரிவு தடுக்கிறது. நகல் வாங்கும்போது பக்கங்களை எண்ணாமல், முழுவதும் பெற்றதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். மிகப் பெரிய தவறு தாமதம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றக் கட்டத்தில் கேட்டதை 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் மறுத்தால் உத்தரவு நகலோடு பி.என்.எஸ்.எஸ். 528-ம் பிரிவில் ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். வழக்கு செஷன்ஸுக்குப் போனபின், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் (முறைப்படி பதிவுசெய்யும்) கட்டத்திலும் வழி முழுதாக அடைபடவில்லை. மறைக்கப்பட்ட ஆவணம் ஐயத்துக்கு இடமில்லாத தரம் கொண்டதாக இருந்தால் நீதிமன்றம் அதை வரவழைக்கலாம். உங்கள் தரப்பு சாட்சியக் கட்டத்தில் உங்கள் உரிமை இன்னும் வலுவானது.

எம்.எல்.ஏ. விஷயத்துக்கு வருவோம். நிலுவையில் இருக்கும் வழக்கில் சட்டமன்றம் தலையிடாது. ஆனால் சேர்க்காதவற்றின் பட்டியலைத் தரும் கடமை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று கேட்கும் பொறுப்பு மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டு, அதை அவர்கள் செய்யாமல் இருப்பது பெருங்குறை. அமெரிக்காவில், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963-ல் பிரேடி தீர்ப்பு வந்த பிறகும் அரசு வக்கீல்கள் மறைப்பது நிற்கவில்லை. செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் மீதான தீர்ப்பே இதனால் 2009-ல் ரத்தானது. 2020-ல் அந்நாட்டு நாடாளுமன்றம், ஒவ்வொரு ஃபெடரல் குற்ற வழக்கின் தொடக்கத்திலும் நீதிபதி இந்தக் கடமையை வாய்மொழியாகவும் எழுத்துப்பூர்வ உத்தரவாகவும் நினைவூட்ட வேண்டும் என்று சட்டமே இயற்றியது. அப்படி ஒன்று நமக்கும் வேண்டும்.

ஆகவே எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்: காவல்துறை, நீதி நிர்வாக மானியக் கோரிக்கை விவாதத்தில், மதுரை மாவட்டத்தில் எத்தனை வழக்குகளில் சேர்க்காதவற்றின் பட்டியல் தரப்பட்டது என்று கேள்வி எழுப்பட்டும். அந்த மனுவில் தம்பியின் வழக்கு எண்ணை எழுதாதீர்கள். நிலுவை வழக்கு என்று சொல்லி அப்படியே திருப்பிவிடுவார்கள்.